முழங்கால் உயர ரயில்வே

மனித குலத்தின் வரலாறு இரண்டு காலங்களாகப் பிரியும். நீராவி எஞ்சின்கள் யானைபோலப் பருத்து, சரக்கையும் சாமானியர்களையும் சுமந்து திரிந்த அறியாமைக் காலம் முதலாவது. அவை முழங்கால் உயரத்துக்குச் சுருங்கி, யாரையும் எங்கும் கொண்டுசேர்க்க வேண்டிய இழிநிலையிலிருந்து விடுதலை பெற்ற ஞானக் காலம் இரண்டாவது. இந்த இரண்டாம் காலத்தை அந்தச் சிற்றூரில் தொடங்கிவைத்த பெருமை சிற்றளவு நீராவி ஊர்திக் கழகத்தையே சாரும்.

ஊர்ப் பூங்காவின் பின்பகுதியில் கழகத்துக்கென்று வட்டமான ஒரு தண்டவாளம் உண்டு. அகலம் ஐந்து அங்குலம். அதன்மேல் ஓடும் எஞ்சினைப் பொம்மை என்று சொன்ன ஒருவருக்குக் கழகத்தில் இன்றுவரை தேநீர் தரப்படுவதில்லை. அதன் நெருப்பறையில் எரிவது கோலிக்குண்டு அளவுக்கு உடைத்த அசல் நிலக்கரி. கொதிகலனில் சீறுவது அசல் நீராவி. ஓட்டுநர் அதன் பின்னாலுள்ள சிறு வண்டியில், முழங்கால்கள் காதைத் தொட, குந்தியிருந்து ஓட்டுவார். பயணிகள் அவருக்கும் பின்னால், சக்கரம் வைத்த நீள்பலகைகளில், குதிரையேறுவதைப்போல இருபுறமும் கால்போட்டு அமர்வார்கள். ரயில் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். பயணத்தின் தூய வடிவம் இதுவே என்பது கழகத் தலைவரின் கோட்பாடு. போய்ச் சேர்வதெல்லாம் பிற்காலத்தில் அதில் கலந்துவிட்ட கலப்படமாம்.

தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கோபம் வந்தால் முகம் சிவந்து மூக்கில் மெல்லிய விசில் கேட்கும். ஆகவே அவர் இல்லாத இடங்களில் உறுப்பினர்கள் அவரைக் 'கொதிகலன்' என்று மிகுந்த மரியாதையுடன் குறிப்பிட்டார்கள்.

நம் கவனத்துக்குரியவர் கழகச் செயலாளரான பல் டாக்டர். எஞ்சினை ஓட்டும் தகுதி தலைவருக்கு அடுத்தபடியாக இவருக்கு மட்டுமே வழங்கப்பட்டிருந்தது. ஈறுகளைப் பார்க்கும் சிறு கண்ணாடியை நுழைத்துக் கொதிகலனின் குழாய்களைப் பார்ப்பார். பற்காறை சுரண்டும் கொக்கியால் உள்ளே படிந்த உப்பைச் சுரண்டுவார். இக்கருவிகள் நன்றாகக் கழுவப்பட்ட பின்னரே மருத்துவமனைக்குத் திரும்பின என்பதை நோயாளிகளின் மனநிம்மதிக்காக இங்கே குறிப்பிடுவது கடமை. "இன்னும் கொஞ்சம் வாயைத் திற" என்று அவர் எஞ்சினிடம் சொல்வதும், "அழுத்தம் ஏறட்டும், அசையாதீங்க" என்று நாற்காலியில் கிடப்பவர்களிடம் சொல்வதும் உண்டு. இரு தரப்பும் பழகிக்கொண்டன.

எஞ்சினைத் தூக்க நான்கு பேர் வேண்டும். தினமும் நான்கு பேருக்கு எங்கே போவது? ஆகவே அது டாக்டரின் காரில், பின் இருக்கையில், பாதுகாப்புப் பட்டை அணிந்து நிரந்தரமாக வசித்தது. அது குலுங்கக் கூடாது என்பதால் கார் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நடந்து போகிறவர்கள் முந்திச் செல்லும் வேகத்தில், பூங்காவரை போய் வந்தது. அடுத்த ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த டாக்டரின் மனைவி, இதன் விளைவாக, நாள்தோறும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினார். அதாவது, பெரிய ரயிலில்.

கழகத்துக்கு விதிகள் பல இருந்தாலும் வேதம் ஒன்றுதான்: கொதிகலனில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டுநர் எஞ்சினை விட்டு இறங்கக் கூடாது. தகுதி பெற்ற இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் தவிர, உலகமே அழிந்தாலும் முள் பூச்சியத்தைத் தொடும்வரை அவர் அங்கேதான். தம் திருமண நாள் விருந்துக்கே டாக்டர் முள் இறங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார். விருந்தாளிகள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி நாகரிகம் உச்சத்தில் இருந்த ஒரு மாலை, மனைவி வீட்டுக்குள் நுழைந்து கைப்பையைச் சாப்பாட்டு மேசைமேல் பொத்தென்று வைத்தார்.

"என்னங்க, ரயிலை நிறுத்தப் போறாங்களாம்."

"எந்த ரயிலை?"

"நம்ம ஊர்ல எத்தனை ரயில் ஓடுது?"

டாக்டர் நேர்மையாக யோசித்தார். "ரெண்டு."

"நான் ஏறிப் போறது ஒண்ணுதான். ஸ்டேஷன்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஏற ஆளே இல்லையாம். வர்ற வியாழக்கிழமை ஒரு அதிகாரி வந்து நேர்ல பார்க்கப் போறாராம். காலை ரயில்ல எத்தனை பேர் ஏறுறாங்களோ, அதை வச்சு முடிவாம்."

"பஸ் இருக்குல்ல?"

"மூணு பஸ் மாறணும். ஸ்கூல்ல முதல் மணி அடிக்கிறப்ப நான் ரெண்டாவது பஸ்ல தொங்கிட்டிருப்பேன்."

"கார்ல..." என்று டாக்டர் தொடங்கினார். இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். பின் இருக்கையில் பித்தளைப் புகைபோக்கி மாலை வெயிலில் மின்னியது.

"இங்க பாருங்க. வேலையை நான் விடமாட்டேன். ரயில் நின்னா அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடுவேன்."

"அப்ப நான்?"

"உங்களுக்கென்ன. துணைக்குத்தான் ஆள் இருக்கே, பின் சீட்டுல."

மாலைதோறும் டாக்டர் எஞ்சினின் உருளைகளுக்கு எண்ணெய் விடும்போது, காரின் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து மனைவி பள்ளிக் கதைகளைச் சொல்வார்: தலைமையாசிரியர் நின்றுகொண்டே தூங்கியது, பின்னக் கணக்கு வேண்டாமென்று ஒரு மாணவி அழுது அடம்பிடித்துக் காரியம் சாதித்தது. அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். நீர் வற்றிய கொதிகலனைத் தவிர வேறு உவமை அவருக்குக் கிடைக்கவில்லை. அவரறிந்தவரையில் அதைவிடக் கொடிய உவமையும் இல்லை.

"வியாழக்கிழமை நீங்களும் என்கூட ஏறணும். பக்கத்துல சீட் போட்டு வைக்கிறேன்."

"கண்டிப்பா ஏறுறேன்."

மறுநாளே கழகத்தின் அவசரக் கூட்டம் கூடியது. எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பொறுப்பிலிருந்த ஆணிக்கடைக்காரரின் கடைப் பின்கட்டில், பெயின்ட் டப்பாக்களின்மீது உறுப்பினர்கள் பதவி வரிசைப்படி அமர்ந்தார்கள்.

"நம்ம ஊர் ரயிலை எப்படியாவது காப்பாத்தணும் தலைவரே" என்றார் டாக்டர்.

"எதை? அந்த டீசலையா?" அந்தச் சொல்லை உச்சரித்ததும் தலைவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"டீசல்னாலும் ரயில்தானே."

"பொய்ப்பல்லும் பல்தான்னு நீங்க சொல்வீங்களா டாக்டர்?"

"சொல்வேன் தலைவரே. என் பொழைப்பே அதுலதான் ஓடுது."

தலைவரின் மூக்கில் மெல்லிய விசில் எழுந்தது. டாக்டர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "இருக்கட்டும். நம்மள்ல யார் யார் கடைசியா எப்ப அதுல போனோம்?"

ஒரு டப்பா கிறீச்சிட்டது.

"பிளாட்பாரத்துல நின்னு நிறையப் படம் எடுத்திருக்கேன்" என்றார் ஓர் உறுப்பினர்.

"நான் அது பாலத்துமேல போற சத்தத்தைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன்" என்றார் ஆணிக்கடைக்காரர். "அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். நின்னுட்டாலும் கவலையில்லை, பதிவு இருக்கு."

"ஏறிப் போறதுல என்னய்யா இருக்கு?" என்றார் தலைவர். "உள்ள உட்கார்ந்தா சக்கரம் தெரியுமா? பிஸ்டன் தெரியுமா? ரயிலை ரசிக்கத் தெரியாதவங்கதான் அதுக்குள்ள ஏறி உட்காருவாங்க."

இக்கருத்தின் ஆழத்தை உறுப்பினர்கள் சிறிது நேரம் அனுபவித்தார்கள். எனினும் கழகம் பொதுநலனைக் கைவிடும் இயல்புடையதன்று. நீண்ட விவாதத்துக்குப் பின், 'இவ்வூர் மக்களின் ரயில் பற்றினை அதிகாரி ஐயந்திரிபற உணரும் வண்ணம்', வியாழக்கிழமை காலை நிலையத்தின் நடைமேடையிலேயே தற்காலிகத் தண்டவாளம் போட்டுக் கழக எஞ்சினை ஓட்டிக் காட்டுவதென்று முன்மொழியப்பட்டது.

"மக்கள் பெரிய ரயில்லதானே ஏறணும்?" என்று டாக்டர் இழுத்தார்.

"சின்ன ரயில்ல ஏறினவன் பெரிய ரயில்ல ஏறாமலா போயிடுவான்?" என்றார் ஆணிக்கடைக்காரர். "நாங்க பெயின்ட் வாங்க வர்றவங்களுக்கு முதல்ல சின்ன அட்டையிலதான் அடிச்சுக் காட்டுவோம். அட்டையைப் பார்த்ததும் வீட்டுக்கு டப்பா டப்பாவா வாங்கிட்டுப் போயிடுவாங்க."

இந்தத் தர்க்கத்துக்கு டாக்டரிடம் பதில் இருந்தது. ஆனால் அதே கணத்தில் வேறொன்று அவர் மனத்தில் தோன்றிவிட்டது. நடைமேடை நேரானது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அம்பு போல நேரானது. வாழ்நாள் முழுதும் வட்டமடித்த மனிதருக்கு நேர்கோடு என்பது எத்தகைய சபலம் என்பதை, வட்டமடிக்காதவர்கள் அறியமாட்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒருமனத்தில் டாக்டரின் மனமும் அடக்கம்.

இதற்கிடையே மனைவி தெருத்தெருவாகப் போனார். தையல்காரர் வீடு, தபால்காரர் வீடு, தம்மிடம் படித்தவர்களின் வீடு என்று கதவுகளைத் தட்டி, "வியாழக்கிழமை ஒருநாள், ஒரே ஒருநாள் காலை ரயில்ல ஏறுங்க, சாயங்காலம் திரும்பிடலாம்" என்று கெஞ்சினார். டீச்சர் வீடு தேடி வந்து கேட்கும்போது மறுப்பதெப்படி? ஊரே வருவதாக வாக்களித்தது. நடைமேடைத் திட்டத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"கூட்டம் சேர்க்கத்தான்" என்றார் டாக்டர்.

"கூட்டத்தை நான் சேர்த்தாச்சு. அவங்க ஏறணும். நீங்களும் ஏறணும்."

"ரயில் வர்றதுக்கு முன்னாலயே நெருப்பை அணைச்சுட்டு வந்துடுறேன்."

"நெருப்பை அணைச்சா அழுத்தம் உடனே இறங்கிடுமா?"

இத்தனை ஆண்டு இல்லறத்தில் மனைவி எஞ்சினைப் பற்றிக் கேட்ட முதல் சரியான கேள்வி அது. டாக்டர் பெருமையில் பூரித்துப்போனார். பதில் சொல்ல மறந்துபோனார்.

வியாழக்கிழமை காலை நிலையம் தத்தளித்தது. தையல்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். தபால்காரர் பையோடு வந்திருந்தார். அன்று ஊரில் யாருக்கும் தபால் போகவில்லை, பெறுவதற்கு வீட்டில் ஆளும் இல்லை. நடைமேடையின் நடுவே தண்டவாளம் நீண்டு கிடக்க, டாக்டர் முழங்காலிட்டு நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்தார்; ஆணிக்கடைக்காரர் கரண்டியால் கரி ஊட்டினார்; முள் ஏறியது. தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். வாங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. திருப்பித் தருவார் என்று நம்பியதுதான் பிழை.

அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். தாம் பார்க்கும் எதையும் மூடிவிடக்கூடியவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். புருவம் மெல்ல உயர்ந்தது. உயர்ந்த புருவம் கீழே இறங்கவே இல்லை.

"இது நிஜ ஆவியா?"

"நிஜம்தான் சார்."

"விசில்?"

"அந்தக் கம்பியை இழுங்க சார்."

அதிகாரி இழுத்தார். கீச்சென்ற அந்த ஓசை நடைமேடை முழுதும் பாய்ந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு தடவை இழுக்கலாமா?"

அதற்குப் பிறகு அவரை அரசாங்கமே நினைத்தாலும் தடுத்திருக்க முடியாது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு முதல் பலகையில் கால்போட்டு அமர்ந்தார். அதிகாரியே ஏறிய பிறகு ஊர் பின்தங்குமா? நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வரிசை நீண்டது. டாக்டர் ஓட்டினார். நேராக ஓட்டினார். போனார், பின்னோக்கி வந்தார், மறுபடி போனார். காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் கரித்தூள் விழுந்து நீர் வழிந்தது. வாழ்க்கையில் இவ்வளவு மகிழ்ச்சியாக அவர் அழுததே இல்லை.

அப்போதுதான் காலை ரயில் வந்து நின்றது. அதன் ஓட்டுநரும் எட்டிப் பார்த்து, "இது எத்தனை கிலோ இழுக்கும்?" என்று கேட்டார். பெட்டிகளின் வாசல்களை மறைத்துக்கொண்டு சின்ன ரயிலுக்கான வரிசை நின்றது. மனைவி அதைப் பிளந்துகொண்டு ஏறி, ஜன்னலோரம் அமர்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தார்.

"என்னங்க, வாங்க."

டாக்டர் அழுத்தமானியைப் பார்த்தார். முள் முழு உயரத்தில் நின்றது. பாதுகாப்பு வால்வு புஸ்ஸென்று சீறியது.

"தலைவரே, கொஞ்சம் வந்து பிடிங்க. நான் போகணும்."

தலைவர் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "இதோ, நம் ஓட்டுநர் அழைக்கிறார். எதை அழைக்கிறார்? நீராவியின் பொற்காலத்தை அழைக்கிறார்." கைதட்டல் எழுந்தது.

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை அழைத்தார். "ஏறுங்க, கிளம்பப் போகுது. தையல்காரரே, நீங்களாவது ஏறுங்க."

"எங்க முறை வந்துடுச்சு டீச்சர்" என்றார் தையல்காரர், வரிசையிலிருந்து ஒரு காலைக்கூட எடுக்காமல். "இதை விட்டா இனி எப்பவோ. அது நாளைக்கும் வரும்தானே."

கார்டு விசில் ஊதினார். அதிகாரியும் எட்டிக் கம்பியை இழுத்தார். இரண்டு ரயில்களும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் புறப்பட்டன.

இந்நிகழ்வு ரயில்வே வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியது. நடைமேடையின் நீளம் முழுதும் பெரியதும் சிறியதும் அருகருகே ஓடின. மேலே ஜன்னலில் மனைவி. கீழே, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி டாக்டர்.

"குதிச்சு ஏறுங்க, மெதுவாத்தான் போகுது."

"அழுத்தம் இன்னும் இறங்கலைம்மா."

"எனக்கும் ஏறிக்கிட்டேதான் இருக்கு."

"விதி..."

"யாரோட விதி?"

அதற்குள் நடைமேடை முடிந்துவிட்டது. டாக்டர் பிரேக்கை இழுத்தார். பெரிய ரயில், ஒரே ஒரு பயணியுடனும் அவருடைய கைப்பைக்கு ஒதுக்கப்பட்ட ஓர் இருக்கையுடனும், வளைவில் மறைந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பின்னாலிருந்து அதிகாரி கேட்டார்.

ஆணை விரைவிலேயே வந்தது. அதன் நடை கழகத்தவரின் கண்களைக் கசியவைத்தது. 'இவ்வூர் மக்களின் ரயில் வேட்கை மிக ஆழமானது என்பது நேரில் கண்டறியப்பட்டது. அவ்வேட்கை உள்ளூரிலேயே, நடைமேடையிலேயே, முழுமையாக நிறைவேறிவிடுவதாலும், வெளியூர் செல்லும் ரயிலில் ஒருவர் மட்டுமே ஏறியதாலும், சேவை இத்துடன் நிறுத்தப்படுகிறது. காலியாகும் நிலையக் கட்டடம் கழகத்தின் பயன்பாட்டுக்கு அளிக்கப்படுகிறது.' அதிகாரி கழகத்தின் கௌரவ உறுப்பினரானார். ஞாயிறுதோறும் வந்து விசில் இழுக்கிறார்.

மனைவி இரண்டு பெட்டிகளுடன் முதல் பஸ்ஸில் ஏறினார். டாக்டர் அவருக்கு அடிக்கடி தொலைபேசினார். நிலையத் திறப்பு விழாவுக்கும் அழைத்தார்.

"வா. உனக்குத்தான் முதல் சவாரி. எப்ப வர்றே?"

"எதுல வர?"

மறுமுனையில் யாரோ ஒரு மாணவி பின்னக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். டாக்டர் தொலைபேசியை வைக்காமல் அதைக் கடைசிவரை கேட்டார்.

ரயில் நின்றதும் அதன்மீது கழகத்துக்குப் பெரும் மதிப்புப் பிறந்தது. "எப்பேர்ப்பட்ட டீசல்" என்று தலைவர் உருகினார். அந்த வியாழக்கிழமை ரயிலைக் குண்டூசி அளவும் பிசகாமல் சிறுவடிவில் செய்து, காத்திருப்போர் அறையில் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதென்று முடிவாயிற்று. துருப்பிடித்த இடத்தில் துருவின் நிறம் தீட்டினார்கள். உடைந்த படிக்கட்டை உடைத்தே செய்தார்கள். பயணிகள் விஷயத்திலும் உண்மை பிறழக் கூடாது அல்லவா? ஆகவே, பல் அச்சு எடுக்கும் மாவைப் பிசைந்து, கட்டைவிரல் நகமளவில் ஒரே ஒரு பெண்ணை டாக்டர் தம் கையாலேயே செய்தார். மிகக் கூர்மையான கருவிகள் அவரிடம் இருந்தன. சாயல் அச்சு அசலாக வந்தது.

"முகம் எந்தப் பக்கம் டாக்டர்?" என்று கேட்டார் பசையைக் கையில் வைத்திருந்த ஆணிக்கடைக்காரர்.

"வெளியில. பிளாட்பாரத்தைப் பார்த்து."

"பக்கத்துல?"

"கைப்பை."

"பையை எடுத்துட்டா இன்னொருத்தரை உட்கார வைக்கலாமே. பார்க்க நல்லாருக்கும்."

டாக்டர் இடுக்கியால் மிகச் சிறிய அந்தப் பையைத் தூக்கி, இருக்கையின்மேல் வைத்து, மெல்ல அழுத்தினார்.

"அங்க யாரும் இல்லைங்க" என்றார். "நடக்காததை நாம செய்யறதில்லை."

இன்று அந்தப் பேழையைக் காணத் தொலைதூரங்களிலிருந்தெல்லாம் ரயில் அன்பர்கள் திரண்டு வருகிறார்கள். அவர்களுடைய கார்களை நிறுத்துவதற்காகப் பழைய தண்டவாளங்களைப் பெயர்த்துத் தளம் போடவேண்டி வந்தது. இப்படியொரு ரயில் பற்றை வேறெந்த ஊரிலும் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. ரயிலை நேசிக்கத் தெரியாத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கெல்லாம் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.